செல்போன் காட்டும் தேதியை நம்பி விதைக்கலாமா?

2023-ம் ஆண்டு விநாயகர் சதுர்த்தி முடிந்த மறுவாரம், நிலக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அரை ஏக்கரில் செண்டுமல்லி, கால் ஏக்கரில் கோழிக்கொண்டை. பூச்சி இல்லை, நோய் இல்லை, பயிர் அருமையாக நின்றது. ஆனால், விவசாயியின் முகம் வாடிக் கிடந்தது. வரப்போரம் மூட்டை மூட்டையாகக் கொட்டிய பூ அழுகிக் கொண்டிருந்தது.

"அரசாங்க லீவுப் பட்டியல்ல ஒரு தேதி, போன்ல ஒரு தேதி இருந்துச்சு சார். போன்ல இருக்கிறதுதான் புதுசா இருக்கும்னு நம்பி, 19-ம் தேதிக்குக் கணக்குப் பண்ணிப் பறிச்சேன். 18 விடிகாலை மார்க்கெட்டுக்குப் போனா, சாமி கும்பிடுறதே இன்னைக்குத்தான்னு சொல்றாங்க. வாங்க வேண்டியவங்க எல்லாம் முந்தின நாளே வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஆண்டு தமிழக அரசின் விடுமுறைப் பட்டியலில் முதலில் செப்டம்பர் 17 என்று இருந்தது. பிறகு அரசு அதை 18 என மாற்றி அறிவித்தது. மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களில் 19-ம் தேதிதான் கொண்டாடினார்கள். அவர் பார்த்த தளம் காட்டிய தேதி மும்பைக்குச் சரி, நிலக்கோட்டைக்குத் தவறு. மூன்று மாத உழைப்பின் விலையை ஒரே ஒரு நாள் தின்றுவிட்டது.

விதை, உரம், மருந்து வாங்கும்போது யார் தயாரித்தது, எந்தத் தேதியில் தயாரித்தது என்று பார்க்கிறோம். தேதியை மட்டும் யார் கொடுத்தது என்று பார்க்காமல் எடுத்துக் கொள்கிறோம். பூ, வாழை, ஆடு, காய்கறி என்று பண்டிகைச் சந்தையை நம்பிப் பயிர் செய்பவர்களுக்கும், காப்பீடு, கடன், கிராம சபை என்று அலுவல் தேதிகளை நம்பி இருப்பவர்களுக்கும் தேதியும் ஓர் இடுபொருள்தான். அதன் தரத்தை எப்படிச் சோதிப்பது, எந்தத் தேதியை எங்கே போய்ப் பார்ப்பது என்று இங்கே பார்ப்போம்.

தேதிகள் ஏன் நகர்கின்றன?

எல்லாப் பண்டிகைகளும் ஒரே கணக்கில் வருவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வகை, சூரியக் கணக்கில் மட்டும் வருபவை. பொங்கல், சித்திரை முதல் நாள், ஆடிப்பெருக்கு ஆகியவை இதில் சேரும். இவை ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாளுக்கு மேல் நகராது. பொங்கல் 2024-ல் ஜனவரி 15, 2025-ல் ஜனவரி 14, 2026-ல் ஜனவரி 15. அதனால்தான் செங்கரும்பு, மஞ்சள் கொத்து, பொங்கல் வாழைத்தார் போடுபவர்களுக்குத் தேதிக் குழப்பம் வருவதில்லை.

இரண்டாவது வகை, தமிழ் மாதமும் திதியும் சேர்ந்து வருபவை. தீபாவளி ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருகிறது. பன்னிரண்டு நிலவு மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான். ஆகவே, ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். ஐப்பசியைத் தாண்டிப் புரட்டாசிக்குள் போய்விடும் என்ற நிலை வரும்போது, அடுத்த தேய்பிறை கணக்கில் எடுக்கப்படும். அப்போது ஒரேயடியாக 19 நாள் அளவுக்குப் பின்னால் தள்ளிப் போகும். 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20 என்று முன்னேறி வந்த தீபாவளி, 2026-ல் நவம்பர் 8-க்குத் தாவுகிறது. ஆயுத பூஜையும் அப்படியே. 2025-ல் அக்டோபர் 1, 2026-ல் அக்டோபர் 19.

மூன்றாவது வகை, மாதமும் நட்சத்திரமும் சேர்ந்து வருபவை. தைப்பூசம், பங்குனி உத்திரம், ஓணம் ஆகியவை இதில் அடங்கும். நேந்திரன் போடும் கன்னியாகுமரி, கோவை மாவட்ட விவசாயிகள் ஓணத்தைக் குறிவைப்பவர்கள். திருவோணம் 2024-ல் செப்டம்பர் 15, 2025-ல் செப்டம்பர் 5, 2026-ல் ஆகஸ்ட் 26. கவனியுங்கள்: 2026-ல் தீபாவளி 19 நாள் பின்னால் போகிறது, ஓணமோ 10 நாள் முன்னால் வருகிறது. "இந்த வருஷம் பண்டிகை எல்லாம் தள்ளிப் போகுது" என்று பொதுவாகப் பேசி, நேந்திரனைத் தாமதமாக வெட்டத் திட்டமிட்டால் ஓணச் சந்தை கை நழுவும்.

நான்காவது வகை, முழுக்க நிலவுக் கணக்கில் வருபவை. ரம்ஜான், பக்ரீத் ஆகியவற்றில் மாதத்தைச் சரிக்கட்டும் ஏற்பாடு கிடையாது. ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். பக்ரீத் 2023-ல் ஜூன் 29, 2024-ல் ஜூன் 17, 2025-ல் ஜூன் 7. ஆட்டுக்குட்டி வாங்கி வளர்த்து பக்ரீத்துக்கு விற்பவர்கள், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தங்கள் அட்டவணையை ஒரு மாதம் முன்னால் இழுக்க வேண்டும்.

விதைக்குச் செய்யும் சோதனையைத் தேதிக்கும் செய்யுங்கள்

புதிதாக வாங்கிய விதையை அப்படியே நாற்றங்காலில் கொட்டுவதில்லை. ஈரத்துணியில் 100 விதையை வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்க்கிறோம். நெல்லில் 80-க்குக் குறைந்தால் அந்த விதையை ஒதுக்குகிறோம். இணையத்தில் கிடைக்கும் நாட்காட்டிக்கும் இதே சோதனையைச் செய்யலாம். விடை தெரிந்த பழைய தேதிகளைக் கொடுத்து, அது என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை.

முதல் கேள்வி: 2023 விநாயகர் சதுர்த்தி என்று? தமிழகத்துக்கான நாட்காட்டி என்றால் செப்டம்பர் 18 என்று காட்ட வேண்டும். 19 என்று காட்டினால் அது வேறு மாநிலத்துக்கானது. 17 என்று காட்டினால் அரசு செய்த திருத்தத்தை அது ஏற்றவே இல்லை.

இரண்டாவது கேள்வி: 2024 தீபாவளி என்று? அந்த ஆண்டு வடமாநிலங்களில் அக்டோபர் 31-ஆ, நவம்பர் 1-ஆ என்று பெரிய விவாதமே நடந்தது. அங்கே அமாவாசை மாலையில் லட்சுமி பூஜை முக்கியம். நமக்குச் சதுர்த்தசி விடிகாலை எண்ணெய்க் குளியல் முக்கியம். தமிழகத்தில் அக்டோபர் 31-ல் எந்தக் குழப்பமும் இல்லை.

மூன்றாவது கேள்வி: 2024 மிலாடி நபி என்று? முதலில் செப்டம்பர் 16 என்று இருந்த அரசு விடுமுறை, பிறை தெரியாததால் 17 என மாற்றப்பட்டது. இந்த மாற்றத்தை ஏற்றிய தளம் என்றால், பின்னால் யாரோ உட்கார்ந்து கவனிக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றில் ஒன்றில் தவறினாலும் அந்தத் தளத்தை நடவுக்கும் அறுவடைக்கும் பயன்படுத்தாதீர்கள். மூன்றிலும் தேறினால் இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பக்கத்தில் ஆண்டு தெளிவாகப் போடப்பட்டுள்ளதா? திதி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் எந்த ஊருக்கானது என்று சொல்லப்பட்டுள்ளதா? சில செயலிகள் ஊரை நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் டெல்லியையோ வெளிநாட்டு நகரத்தையோ தாமாகவே எடுத்துக்கொள்ளும். அமைப்புகள் பகுதிக்குள் போய், உங்கள் மாவட்டத் தலைநகரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடியும் பாருங்கள்.

போனிலேயே இருக்கும் கூகுள் காலண்டரைப் பலரும் பார்க்கிறார்கள். அதில் வரும் பொது விடுமுறைகளுக்கு நார்வேயைச் சேர்ந்த டைம் அண்ட் டேட் தளத்தின் தரவைப் பயன்படுத்துவதாக அந்த நிறுவனமே கூறியுள்ளது. நாடு முழுமைக்குமான பொதுப் பட்டியலாக அது பயன்படும். ஆனால், 'இந்தியா' என்ற ஒரே தலைப்புக்குள் உங்கள் ஊர்ச் சந்தையின் நாள் அடங்காது. அதை முதல் பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிவை அதைக் கொண்டு எடுக்காதீர்கள்.

எந்தத் தேதிக்கு யார் பொறுப்பு?

ஒவ்வொரு தேதிக்கும் அதை அறிவிக்கும் உரிமை உள்ளவர் ஒருவர் இருக்கிறார். மற்ற தளங்கள் எல்லாம் அவரிடம் இருந்து படியெடுப்பவைதான். முடிந்தவரை மூலத்துக்கே போய்விடுங்கள்.

அரசு விடுமுறை: தமிழக அரசின் பொதுத்துறை ஆணையாக, 1881-ம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் இந்தப் பட்டியல் வெளியாகிறது. அடுத்த ஆண்டுக்கான பட்டியல் வழக்கமாக அக்டோபர், நவம்பரில் வந்துவிடும். அரசு இணையதளத்திலும் அரசிதழிலும் பார்க்கலாம். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்றே வெளியாகிவிடும். அரசுப் பட்டியல் அதற்குப் பிறகுதான் வரும். அச்சான பிறகு அரசு தேதியை மாற்றினால் சுவர்க் காலண்டரால் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது. அந்த வகையில் இணையம் மேல். ஆனால், மூலத்தைப் பார்த்தால்தான் மேல்.

உள்ளூர் விடுமுறை: கோயில் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் விடுமுறை, நாடு தழுவிய காலண்டர்களில் வராது. மாவட்ட இணையதளத்தில் வரும் செய்திக்குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று அந்த அறிவிப்பிலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அன்று தாலுகா அலுவலகம் பூட்டியிருக்கும், வங்கி திறந்திருக்கும். அன்றைக்கு ஏலம் உண்டா என்பதை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கே போன் செய்து கேட்டுவிட்டு மூட்டையை ஏற்றுங்கள்.

வங்கி விடுமுறை: ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் மாநில வாரியாக இருக்கும். நமக்குச் சென்னை என்பதைப் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பர் முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பிறை சார்ந்த நாட்கள்: தலைமை காஜியின் அறிவிப்பே இறுதி. முன்கூட்டியே இணையத்தில் வருவது உத்தேசத் தேதி. இங்கே ஒரு வசதி உண்டு. ரம்ஜான் பண்டிகை முந்தின நாள் இரவுதான் உறுதியாகும். பக்ரீத்தோ துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாள் என்பதால், அந்த மாதப் பிறை தெரிந்தவுடன் ஏறக்குறைய பத்து நாள் முன்பே உறுதியாகிவிடும். ஆட்டுச் சந்தைக்குப் போகும் நாளை அந்த அறிவிப்பு வந்த பிறகு முடிவு செய்யலாம்.

கோயில் விழாக்கள்: அந்தந்தக் கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது என்பதே முக்கியம். பழைய சூத்திரங்களைக் கொண்டு கணிப்பது வாக்கியப் பஞ்சாங்கம். கோள்களின் உண்மையான நிலையை வைத்துக் கணிப்பது திருக்கணிதம். இரண்டுக்கும் நடுவே திதியில் சில மணி நேரம் வேறுபடும். சனிப்பெயர்ச்சி போன்றவற்றில் பல மாதங்கள்கூட வேறுபடும். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்று இணையம் முழுக்கப் பரவியபோது, வாக்கியப் பஞ்சாங்கப்படி அது 2026-ல்தான் என்று திருநள்ளாறு கோயில் நிர்வாகம் அறிவித்தது. பூவும் எள்ளும் கொண்டு போகிறவர்கள் கோயில் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

வானியல் முறைப்படி கணித்த அரசுப் பஞ்சாங்கமும் உண்டு. மேகநாத் சாகா தலைமையில் 1952-ல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையால், 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு நம் தேசிய நாட்காட்டியானது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கீழ் கொல்கத்தாவில் உள்ள மையம் 'ராஷ்ட்ரிய பஞ்சாங்' என்ற பெயரில் ஆண்டுதோறும் பல மொழிகளில் இதை வெளியிடுகிறது. திதி நேரத்தைச் சரிபார்க்க நல்ல அளவுகோல்.

முகூர்த்த நாட்கள்: இதற்கு மட்டும் ஒரே அதிகாரி என்று எவரும் இல்லை. தளத்துக்குத் தளம் பட்டியல் மாறும். மல்லிகை, வாழை இலை, காய்கறிக்கு இந்த நாட்கள்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. இதற்கு நான் சொல்லும் வழி எளிது. உங்கள் வட்டாரத்தில் உள்ள மூன்று கல்யாண மண்டபங்களில் எந்தெந்த நாள் பதிவாகிவிட்டது என்று கேளுங்கள். மண்டபப் பதிவேட்டில் முன்பணம் கொடுத்த கல்யாணங்கள் இருக்கின்றன. எந்த இணையதளத்தையும்விட அது நம்பகமானது.

கடைசித் தேதிகளில்தான் ஆபத்து அதிகம்

பண்டிகைத் தேதி தவறினால் ஒரு பறிப்பு போகும். காப்பீட்டுத் தேதி தவறினால் ஒரு போகமே பாதுகாப்பில்லாமல் நிற்கும்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பயிர் வாரியாக, மாவட்ட வாரியாகக் கடைசித் தேதி அறிவிக்கப்படுகிறது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் சம்பா நெல்லுக்கு நவம்பர் 15 என அறிவித்து, பிறகு அவகாசம் கொடுத்தார்கள். "எப்படியும் நீட்டிப்பாங்க" என்று இருந்துவிடும் பழக்கம் இதனால் வந்துவிட்டது. நீட்டிப்பு சலுகைதானே தவிர உரிமை இல்லை.

2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல நவம்பர் 15 என்றே அறிவிப்பு வந்தால் அது ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் 14, இரண்டாவது சனிக்கிழமை. ஆக, வங்கி வேலை செய்யும் கடைசி நாள் 13, வெள்ளி. அதற்கு முந்தைய ஞாயிறு தீபாவளி. பண்டிகை முடிந்து ஊர் சகஜ நிலைக்கு வந்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, பணம் கட்டுவதற்குள் வாரம் ஓடிவிடும். தீபாவளிக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. இப்படி ஒரு கணக்கை எந்த விடுமுறைப் பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது. இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளம் போன்ற உள்ளூர்ப் பேரிடரில் பயிர் பாதிக்கப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். இந்த மணிக்கணக்குக்கு விடுமுறை கிடையாது. பொங்கல் நான்கு நாள் விடுமுறையில் மழை பெய்து கதிர் சாய்ந்தால், அலுவலகம் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காப்பீட்டுச் செயலியிலோ 14447 என்ற எண்ணிலோ உடனே பதிவு செய்யுங்கள்.

ஆண்டுதோறும் ஒரே நாளில் நடக்கும் என்று நாம் மனதில் பதித்து வைத்திருக்கும் தேதிகளும் மாறும். மேட்டூர் அணை என்றால் ஜூன் 12. ஆனால், 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-ல் நீர் இருப்பு குறைந்ததால் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஜூன் 12 என்று போட்டிருக்கும் நாட்காட்டியைப் பார்த்து நாற்று விடக் கூடாது. அணையின் நீர்மட்டத்தையும் அரசு அறிவிப்பையும் பார்த்துத்தான் விட வேண்டும். கிராம சபையும் அப்படித்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள் உண்டு. 2024-ல் தீபாவளி விடுமுறை குறுக்கிட்டதால் நவம்பர் 1 கூட்டம் 23-ம் தேதிக்குத் தள்ளிப் போனது. வரத்து வாய்க்கால் தூர்வார மனு எழுதி வைத்திருப்பவர் ஊராட்சி அலுவலகப் பலகையை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்பில் வரும் பயிற்சி அறிவிப்புகள்

"இலவசக் காளான் வளர்ப்புப் பயிற்சி, ஜூலை 10, புதன்கிழமை, முந்துபவர்களுக்கு முன்னுரிமை." இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் கிழமையைப் பாருங்கள். 2026-ல் ஜூலை 10 வெள்ளிக்கிழமை. புதன்கிழமையாக இருந்தது 2024-ல். பழைய செய்தி ஊர் சுற்றி வந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

கிழமை பொருந்தினாலும் நடத்துபவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். வேளாண் அறிவியல் நிலையங்களின் நிகழ்ச்சிகள் அவற்றுக்கான தேசிய இணையதளத்தில் நிலைய வாரியாக வருகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பயிற்சிகளை அதன் தளத்தில் பார்க்கலாம். மானியம், காப்பீடு, சந்தை விலை போன்றவற்றுக்கு 2018-ல் வந்த உழவன் செயலி இருக்கிறது. 'இன்றே கடைசி நாள்' என்று அவசரப்படுத்தி, ஓர் இணைப்பை அழுத்தச் சொல்லி, வங்கிக் கணக்கு எண் கேட்கும் செய்தி எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள். வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள்.

உலக தினங்களிலும் கலப்படம் உண்டு

பள்ளியிலோ உழவர் மன்றத்திலோ விழா நடத்த நினைப்பவர்கள் இணையத்தில் தேடினால், தினம் ஒரு 'உலக தினம்' கிடைக்கும். பல, வியாபாரத்துக்காக உருவாக்கப்பட்டவை. ஐக்கிய நாடுகள் சபையின் இணையதளத்தில் அது ஏற்ற நாட்களின் பட்டியல் உள்ளது. உலகத் தேனீ நாள் மே 20, உலக மண் நாள் டிசம்பர் 5, உலகத் தண்ணீர் நாள் மார்ச் 22 ஆகியவை அதில் இருக்கின்றன. தேயிலை நாளைத் தேடினால் டிசம்பர் 15 என்றும் மே 21 என்றும் இரண்டு விடை வரும். முதலாவது, தேயிலை விளையும் நாடுகளில் 2005 முதல் கடைப்பிடித்து வந்தது, இரண்டாவது, ஐ.நா. சபை பின்னர் அறிவித்தது. இரண்டும் பொய் இல்லை, அறிவித்தவர்தான் வேறு. நம் நாட்டின் விவசாயிகள் தினம் டிசம்பர் 23, முன்னாள் பிரதமர் சரண் சிங் பிறந்த நாள். இது ஐ.நா. பட்டியலில் இருக்காது. 2026-ஐ சர்வதேசப் பெண் விவசாயிகள் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. மகளிர் குழுக்கள் கூட்டம் நடத்த இது நல்ல வாய்ப்பு.

தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சரியான தேதி கைக்கு வந்த பிறகுதான் வேளாண்மை வேலை தொடங்குகிறது. செண்டுமல்லியை எடுத்துக்கொள்வோம். நாற்றங்காலில் சுமார் 30 நாள், நட்டதில் இருந்து பூக்கச் சுமார் 60 நாள். முதல் பறிப்பில் பூ குறைவாகத்தான் வரும். இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் செடி நிறையப் பூக்கும். ஆக, பண்டிகைக்கு 110 நாள் முன்பு விதை விழ வேண்டும். 2025 ஆயுத பூஜைக்கு அந்தக் கணக்கில் விதைப்பு நாள் ஜூன் 13. 2026-க்கு ஜூலை 1. தீபாவளிக்கு என்றால் ஜூலை 21. போன வருட நினைப்பில் ஜூன் இரண்டாம் வாரமே விதைத்தால், வாங்க ஆள் இல்லாத புரட்டாசி நடுவில் தோட்டம் பூத்துக் குலுங்கும். நட்ட 30-ம் நாள் நுனி கிள்ளினால் பக்கக் கிளை கூடும், முதல் பூவும் சற்றுத் தள்ளும். அதையும் கணக்கில் சேருங்கள். வீரிய ரகங்களில் நாள் குறையலாம் என்பதால், விதைப் பையில் உள்ள குறிப்பைப் பார்த்துக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

செவ்வந்தியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பகல் நேரம் குறையும்போது பூக்கும் பயிர் அது. 19 நாள் தள்ளி நட்டால் 19 நாள் தள்ளிப் பூக்கும் என்று எண்ணக் கூடாது. ரகத் தேர்வையும் நுனி கிள்ளும் நாளையும் அருகில் உள்ள தோட்டக்கலை அலுவலரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

தேதி எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பது விளைபொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பொறுத்தது. சாம்பல் பூசணியைப் பறித்து நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஆயுத பூஜை ஒரு நாள் முன்பின் ஆனாலும் நட்டமில்லை. வாழைத்தாருக்குச் சில நாள் இடைவெளி உண்டு. மல்லிகை மொட்டுக்கு ஒரே ஒரு காலைப் பொழுதுதான். தாங்கும் நாள் குறையக் குறையத் தேதியைச் சரிபார்க்கும் முறை கூட வேண்டும். பூசணிக்காரர் ஒரு முறை பார்த்தால் போதும். பூ விவசாயி விதைக்கும்போது ஒரு முறை, மொட்டு வரும்போது ஒரு முறை, பறிப்புக்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை என்று மூன்று தடவை பார்க்க வேண்டும்.

உங்கள் தோட்டத்துக்கு ஒரு நாட்காட்டி

கடைசியாக ஒன்று செய்யுங்கள். ஒரு நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள். நாள், என்ன விசேஷம், யார் அறிவித்தது, கடைசியாக எப்போது சரிபார்த்தேன், நான் செய்ய வேண்டிய வேலை. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்தத் தேதியை நம்பிப் பணம் போடாதீர்கள். பிறகு அதே நாட்களைப் போன் காலண்டரில் நீங்களே ஏற்றுங்கள். பண்டிகை நாளுக்கு மட்டுமல்லாமல் விதைப்பு நாளுக்கும் சரிபார்க்கும் நாளுக்கும் நினைவூட்டல் வையுங்கள். போன் கைக்கு வராத பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் முடித்துத் தருவார்கள்.

நிலக்கோட்டை விவசாயி அடுத்த ஆண்டு அப்படித்தான் செய்தார். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு எனக்குப் போன் வந்தது. "சார், லீவுப் பட்டியல்ல 11-ன்னு இருக்கு, கோயில்லயும் 11-ன்னுதான் சொல்றாங்க, மார்க்கெட்லயும் கேட்டுட்டேன். 10-ம் தேதி விடிகாலை ஏத்துறேன், சரிதானே?" என்றார். நான் சொல்ல எதுவும் மிச்சம் வைக்கவில்லை. மூன்று இடத்தில் கேட்டுவிட்டு நான்காவதாகத்தான் என்னைக் கேட்டார்.